சுகுமாறனின் நெற்றிக்காசு

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் குடியிருந்த சுகுமாறன் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாரடைப்பால் இறந்து, 1025ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்மேல் பிழை ஒன்றும் இல்லை. நெற்றியில் வைத்த காசு மாறிப்போயிற்று. இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் யார் செத்தாலும் குளிப்பாட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் ஒரு காசைப் பதித்துத்தான் அனுப்புவார்கள். ஐம்பது காசு போதும். எதற்கு என்று கேட்டால் வழிச்செலவுக்கு என்பார்கள். அதற்குமேல் யாரும் துருவிக் கேட்டதில்லை, ஏனென்றால் அதுவரை போனவர்கள் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

சுகுமாறன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கப்பலில் வரும் பெட்டிகளைத் தூக்கி லோரியில் வைப்பது வேலை. மனைவி வாணி பள்ளிக்கூடக் கென்டீனில் மீ கோரிங் என்ற பிரட்டல் நூடுல்ஸ் போட்டவர். ஒரே மகள் தாமரை. 2008இல், ஒன்பது வயதில், டிங்கிக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். அவள் நெற்றியில் காசு வைத்தவர் சுகுமாறன்தான். பிள்ளைக்குப் பட்டம் விடப் பிடிக்கும். அந்தக் காலத்து ஐம்பது காசில் ஒரு பக்கம் மலாய்க்காரர்களின் வாவ் பட்டம் போட்டிருக்கும். சட்டைப்பையில் இருந்த சில்லறையை எல்லாம் தரையில் கொட்டி, பட்டம் தேயாமல் தெளிவாகத் தெரிந்த ஒரு காசைத் தேடி எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தன் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் இரண்டும் மடியில் மல்லாந்து கிடக்கும். அதைப் பார்க்கவே வாணிக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவர் இரும்புக் கடையில் ஒரு சுருள் வேலிக்கம்பி வாங்கி வந்து, அதைக் குச்சியில் சுற்றி, வளையம் வளையமாக வெட்டி, ஒன்றோடொன்று கோக்க ஆரம்பித்தார். என்ன அது என்று வாணி கேட்டதற்கு, சோழர் காலத்துக் கவசம் என்றார். வாணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கைக்கு வேலை கிடைத்ததே போதும் என்று அவருக்குப் பட்டது.

கவசம் முடிய இரண்டு வருடம் ஆயிற்று. அதைப் போட்டுக்கொண்டு அவர் தைப்பூசக் கூட்டத்தில் நடந்தபோதுதான் ரிஷி அறிமுகமானான். செந்தூல்காரன், இடைநிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். அண்ணே, நம்ம காலாட்படைக்காரன் இதையெல்லாம் போட்டதாத் தெரியல, பஞ்சு வச்சுத் தைச்ச துணியும் தோல் கேடயமும்தான் இருந்திருக்கும் என்று அவன் பக்குவமாகச் சொன்னான். பதினோரு கிலோ கம்பியை இரண்டு வருடம் கோத்த மனிதர், சரி, பஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இப்படித்தான் கடாரப் படை உண்டாயிற்று. ஆயிரம் வருடத்துக்கு முன் சோழர் கப்பலேறி வந்து கடாரத்தை அடித்த கதையை உடுத்தியும் நடித்தும் காட்டுவது அவர்கள் வேலை. ஆள் பலம் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் கூடித் துணி தைப்பார்கள், தோல் ஊறவைப்பார்கள், ஈட்டிக்குக் காம்பு சீவுவார்கள். ஆயிரத்து இருபத்தைந்துக்குப் பிறகு வந்த எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது சுகுமாறன் போட்ட சட்டம். கைக்கடிகாரம், ஜிப்பு, ரப்பர் செருப்பு, மூக்குக் கண்ணாடி எதுவும் ஆகாது. கண்ணாடி இல்லாவிட்டால் சுகுமாறனுக்கே எதிரில் நிற்பது எதிரியா தூணா என்று தெரியாது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். பிரிக்பீல்ட்ஸ் பொங்கல் விழாவில் அவர்களை அறிவிப்பாளர் ரோமாபுரி வீரர்கள் என்று அறிமுகப்படுத்தினார். பன்னிரண்டு பேரும் வாடிய முகத்தோடு சண்டை போட்டுவிட்டு இறங்கினார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் காசு அடிப்பவன் லோகன். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் அச்சு செதுக்குகிறவன், கல்யாணம் ஆகாதவன், கை சுத்தக்காரன். ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் மூன்று வரி எழுத்து என்று அந்தக் காலத்துக் காசை இரும்பில் தலைகீழாகச் செதுக்கி, இரண்டு அச்சுக்கு நடுவில் வெள்ளி வில்லையை வைத்து ஒரே அடியில் அடிப்பான். பழங்காசு என்று சொல்லி யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, நிற்கும் ஆளின் காலடியில் ஒரு சின்னப் புள்ளியும் குத்திவிடுவான். அது அவன் வைத்த சட்டம். புள்ளி குத்துவதற்கு முன்னால், அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அடித்த முதல் காசு ஒன்றை மட்டும் சுகுமாறனிடம் கொடுத்திருந்தான். அவர் அதைக் கவசப் பெட்டியின் அடியில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

அவர் இறந்த அன்று படை முழுக்க வந்து நின்றது. வேட்டி கட்டி, அவர் கையாலேயே தைத்த பஞ்சுச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். சந்தனம் குழைத்தாயிற்று. வாணி ஐம்பது காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது லோகன், கண்ணெல்லாம் சிவந்து, அந்தப் பட்டுத்துணியைப் பிரித்து, அண்ணனுக்கு இதுதாண்ணி மரியாதை என்று வெள்ளிக்காசை நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாணிக்கு வாய் வரை வந்தது. ஊரே கூடி நிற்கும் சாவு வீட்டில் ஒரு காசுக்காகவா பேசுவது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். லோகன் வைத்தான். நாதஸ்வரமும் மேளமும் முழங்க, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்சியின் காசோடு சுகுமாறன் புறப்பட்டுப் போனார். அந்த ஒரு நிமிட மௌனத்தை வாணி பிறகு சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்தது எட்டாம் நாள் துக்கத்தன்று. அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலையில் படைத்தார்கள். கோழிப் பிரட்டல், மிளகாய் அரைத்துப் போட்ட இறால் சம்பல், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம், மிளகு போட்ட உளுந்து வடை, வாழைப்பழம். கிள்ளான் பக்கத்துக் காகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, நகராண்மைக்காரர்கள் துப்பாக்கியால் சுட்டும் குறையாதவை, குப்பையில் கிடக்கும் நாப்கினைக்கூட விடாதவை. அன்று ஒரே ஒரு காகம் வந்தது. சோற்றைத் தின்றது, வடையைத் தின்றது, வாழைப்பழத்தைத் தின்றது. மற்றதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. சம்பலைத் தொடாத சுகுமாறனை யாரும் கேள்விப்பட்டதில்லை. ரிஷிதான் இலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் கடல்கடந்து நம்மிடம் வந்து ஐந்நூறு வருடம்கூட ஆகவில்லை என்றான். பதினாறாம் நாள் சோதனைக்காக இரண்டு இலை போட்டார்கள். மிளகாய் போட்ட இலையில் ஈகூட உட்காரவில்லை. மிளகு போட்ட இலை ஐந்து நிமிடத்தில் காலி.

காரியம் செய்ய வந்திருந்த பண்டாரம் நாகையாவைக் கேட்டார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். காசு எந்த ஆட்சியோ ஆளும் அந்த ஆட்சிக்குத்தான் போவார், இதில் என்ன அதிசயம் இருக்கிறது, சிங்கப்பூர்க் காசை வைத்து அனுப்பிய ஒரு கேஸைக்கூடத் தனக்குத் தெரியும் என்றார். காலடியில் புள்ளி இருந்திருந்தால் கள்ளக்காசு என்று அங்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள், இது சுத்தமான காசு, அதனால் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வர வழி உண்டா என்று லோகன் கேட்டான். போனவர் வர முடியாது, போகிறவர் வேண்டுமானால் அங்கே போகலாம் என்றார் நாகையா. லோகன் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். வாணி அழவில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப தாமரைகிட்ட யாரு இருக்கா?"

பதினோரு வருடமாக அந்த அம்மா ஒரே ஒரு நினைப்பில்தான் சோறு தின்றுகொண்டிருந்தார். தானோ அவரோ, யார் முதலில் போனாலும் பிள்ளைக்கு ஒரு துணை கிடைத்துவிடும் என்ற நினைப்பு அது. அப்பா வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை விட்டுவிட்டு, அந்த மனிதர் கடாரத்துக்குச் சண்டைக்குப் போய்விட்டார். இதை நினைத்து நினைத்து வாணிக்குச் சர்க்கரை ஏறியது. அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தது.

இதற்கிடையில் சுவரில் மாட்டியிருந்த சுகுமாறனின் படம் மாற ஆரம்பித்தது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் நீலச் சட்டையோடு எடுத்த படம். முதல் மாதம் சட்டைக் காலர் போயிற்று, பிறகு சட்டையே போயிற்று. மூக்குக் கண்ணாடி மறைந்தது. தாடி வளர்ந்தது, தோள் வெயிலில் கறுத்தது, பின்னால் இருந்த கல்யாண மேடை கரைந்து கடலாக ஆனது. 2020இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது, சுகுமாறன் மட்டும் படத்துக்குள் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். ரிஷி தினம் ஒருமுறை போனில் கூப்பிட்டுப் படத்தைக் காட்டச் சொல்வான். பாய்மரத்தைப் பார்த்தான், கயிற்று முடிச்சைப் பார்த்தான், தாங்கள் தைத்ததில் எதெது தப்பு என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டான். வாணி பார்த்தது வேறு. கண்ணாடி இல்லாமல் மனிதர் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாம பேப்பர்கூடப் படிக்க மாட்டாரு."

"அங்க பேப்பர் இல்லண்ணி," என்றான் ரிஷி. ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஒரு வருடம் கழித்துப் படத்தில் அவருடைய இடது கை ஆள்காட்டி விரலைக் காணவில்லை. சண்டையில் போனதா, பாய்க்கயிற்றில் போனதா என்று தெரியவில்லை. அதற்கு அடுத்த மாதம் கப்பலும் போய்விட்டது. சோழப் படை ஊர் திரும்பியிருக்க வேண்டும். சுகுமாறன் மட்டும் திரும்பவில்லை. ஓர் ஆற்றங்கரையில், கீற்றுக் குடிசை வாசலில், கையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2008இல் உட்கார்ந்த அதே உட்கார்வு. அதைப் பார்த்த அன்றைக்கு வாணி சோறு தின்னவில்லை. மறுநாள் லோகனைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு காசு வேணும், அவருக்கு வச்ச மாதிரியே, புள்ளி இல்லாம, என்றார்.

இதில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். வாணி பிள்ளையை மறந்துவிடவில்லை. ஆனால் தாமரையின் படம் மாறவில்லை. பள்ளிச் சீருடையும் இரட்டை ஜடையுமாக அன்று எப்படிச் சிரித்தாளோ அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். நேராகப் போனவர்களின் படம் மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துயரத்தைவிடக் கண்முன் உட்கார்ந்திருக்கும் துயரம்தான் மனிதரை இழுக்கும். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று இரண்டு வருடம் நின்ற பிறகு, வாணி ஆற்றங்கரைப் பக்கம் காலை வைத்தார். அதற்காக அவர் அவசரப்படவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் தவறாமல் கிள்ளானுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டார். பஸ் வரும்போதுதான் ஏற முடியும், ஆனால் எந்த பஸ் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னாராம்.

லோகனுக்குப் பழைய அச்சு இல்லை. வேலை முடிந்ததும் அச்சை உடைத்துவிடுவது அவன் வழக்கம். புதிதாகச் செதுக்க வேண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டியதில் கண் மங்கியிருந்தது. அதைவிட, புள்ளி வைக்காமல் அடிப்பது தன் சட்டத்தைத் தானே உடைப்பது. ஆனால் அந்த முதல் காசை வைத்தது அவன் கை. செய்த பாவத்தைக் கையாலேயே கழுவலாம் என்று, பதினான்கு மாதம், ஒரு கோடு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி செதுக்கினான். ஒரு கோடு மாறினால் அண்ணி முப்பது வருடம் தள்ளிப் போய் இறங்கிவிடுவாரோ என்று அவனுக்கு அச்சம். படை மறுபடியும் மண்டபத்தில் கூடியது. இந்த முறை புடவைக்காக. கையால் நூற்ற நூல், கையால் நெய்த துணி, வேர்ச்சாயம். ரிஷி தயங்கித் தயங்கி, அந்தக் காலத்தில் ரவிக்கை கிடையாது அண்ணி என்றான். ஆயிரம் கப்பல்காரன் நடுவுல நான் ரவிக்கை இல்லாம போய் நிக்கணுமா, அப்புடி ஒண்ணும் எனக்குச் சரித்திரம் தேவையில்ல என்று வாணி சொல்லிவிட்டார். கடாரப் படை தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு ரவிக்கைக்கு விலக்கு அளித்தது. அன்று எல்லாரும் சிரித்தார்கள். வாணியும் சிரித்தார்.

2023 தொடக்கத்தில் படத்தில் சுகுமாறன் எழுந்து நின்றார். கையில் மூங்கிலும் ஓலையும் இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அது ஒரு வாவ் பட்டமாக ஆனது, அகன்ற இறக்கையும் பிறை போன்ற வாலுமாக. ஒரு விரல் இல்லாத கையால் அதைக் கட்டி முடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. முடித்ததும் அவர் அதைப் பறக்கவிடவில்லை. நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு வெளியே பார்த்தபடி நின்றார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இந்த வயசுல பட்டம் கேக்குது என்று வாணி தினமும் விளக்கேற்றும்போது திட்டினார். நாற்பது நாள் அவர் கை வலிக்க நின்றுகொண்டிருந்தார். கண் தெரியாத மனிதருக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள், சிகிச்சை முடிந்து வாணி கடையில் ஒரு சோயா தண்ணீர் வாங்கினார். மீதிச் சில்லறையில் ஓர் ஐம்பது காசு வந்தது. இப்போதெல்லாம் மஞ்சளாகச் செம்பருத்திப் பூப் போட்ட காசுதான் புழக்கம். இது பழையது, வெள்ளை. திருப்பிப் பார்த்தார். வாவ் பட்டம். வாணி அந்த இடத்திலேயே, கடை வாசல் படிக்கட்டில், உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் நெற்றியில் வைக்க சுகுமாறன் தரையில் சில்லறையைக் கொட்டித் தேடிய அதே வகைக் காசு அது. தான் ஏன் அங்கே போய் மாட்டிக்கொண்டோம் என்பது சுகுமாறனுக்கு அங்கே போன அன்றே விளங்கியிருக்கும். தன்னைத் தேடி வாணி வந்துவிடுவார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும், முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் ஆயிற்றே. வராதே, இந்தக் காசை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் போ என்று சொல்ல அவரிடம் நாக்கு இல்லை, எழுத்து இல்லை, போன் இல்லை. அதனால் ஒரு பட்டத்தைக் கட்டி நெற்றியில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாணி வாய்விட்டு அழுதார். கடைக்காரச் சீனர் ஒரு நாற்காலியும் ஒரு கட்டு டிஷ்யூவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்.

லோகன் அந்த வாரம்தான் காசை அடித்து முடித்திருந்தான். குற்றம் குறை சொல்ல முடியாத காசு. புள்ளி இல்லை. பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தவனிடம் வாணி தன் ஐம்பது காசைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அண்ணன் அங்க தனியா இருப்பாரே அண்ணி, என்றான் அவன்.

"இருப்பாருதான். பெரிய மனுஷன், சமாளிச்சுக்குவாரு. பிள்ளைதான் பதினஞ்சு வருஷமா தனியா நிக்கிது லோகா. அவரே போவச் சொல்லிட்டாரு."

பிறகு அந்த வெள்ளிக்காசை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். உனக்கு அந்தப் பக்கம் காத்திருக்க யாரும் இல்லை, உன் காலம் வரும்போது இதை வைத்துக்கொள், போய் நான் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டேன் என்று அவரிடம் சொல் என்றார். போகும்போது ஒரு மூக்குக் கண்ணாடியும் எடுத்துப் போ, சட்டம் கிட்டம் என்று பார்க்காதே என்றும் சொன்னார். லோகன் தலையாட்டினான்.

அன்று மாலை வாணி படத்துக்கு முன்னால் நின்று, ஐம்பது காசை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினார். மறுநாள் காலை சுகுமாறன் பட்டத்தை இறக்கியிருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை அன்று முழுக்கப் பார்க்க முடியவில்லை.

வாணி செப்டம்பரில், சிகிச்சை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். கையால் நெய்த புடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார், பிள்ளைக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று. கென்டீனுக்குக் கட்டிக்கொண்டு போகும் பூப்போட்ட புடவைதான். சந்தனம் குழைத்ததும் லோகன் ஐம்பது காசை எடுத்தான். பட்டம் மேல்பக்கம் தெரிகிறதா என்று மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு வைத்தான். பூக்காசோ பட்டக்காசோ எல்லாம் ஒரே கவர்மெண்டுதான் என்று நாகையா சொன்னார். இருந்தாலும் யாரும் துணியவில்லை. எட்டாம் துக்கத்தன்று சம்பல், பிரட்டல், தக்காளி ரசம் எல்லாம் காலி ஆயிற்று. வாணியின் படம் இன்றுவரை மாறவில்லை.

மூன்று படங்களும் இப்போது சுங்கை வேயில் லோகன் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. நடுவில் இருக்கும் படத்தில் சுகுமாறனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. சில நாள் பின்னால் வானத்தில் ஒரு பட்டம் பறக்கும், சில நாள் வானம் சும்மா இருக்கும். லோகன் தன் வெள்ளிக்காசையும், கடையில் அளவு சொல்லி வாங்கிய ஒரு மூக்குக் கண்ணாடியையும் பிஸ்கட் டின்னில் போட்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அக்கா தனலெட்சுமியிடம் கொடுத்து வைத்திருக்கிறான். வருடத் திதி வந்தால் படை கூடிச் சமைக்கும். இரண்டு இலை போடுவார்கள், சுகுமாறனுக்கு மிளகு, வாணிக்கும் பிள்ளைக்கும் மிளகாய். ஒரே ஒரு காகம் வரும். முதலில் மிளகு இலையில் தின்னும். பிறகு அலகைத் தரையில் துடைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அதை அது பறக்காமல் நடந்தே போகும்.